பங்குனியில் படைப்புழு ஏன் இவ்வளவு வேகம்? வெயிலுக்குப் பூச்சி சாகும் என்பது நிஜமா?

மானூர் கிணத்துத் தோட்டம் எழுதியது:

வணக்கம். மானூர் பக்கம், கிணற்றுப் பாசனம். ஐப்பசியில் ஒரு தடவை மக்காச்சோளம் போட்டேன், அது அறுத்தாயிற்று. தை கடைசியில் விதைத்தது இப்போது இடுப்பளவு நிற்கிறது. இரண்டிலும் படைப்புழு வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் தென்பட்டதிலிருந்து மக்காச்சோளம் போடுகிற எவனும் அதற்குப் பங்கு வைத்துத்தான் போடுகிறான்.

என் சந்தேகம் வேறு. ஐப்பசிப் பயிரில் முதல் முட்டைக் குவியலைப் பார்த்த பிறகு அடுத்த சுற்று முட்டை வருவதற்கு ஒரு மாதம் போல ஆனது. இப்போது மூன்று வாரம் தாண்டியதுமே இலைக்கு அடியில் அந்தப் பஞ்சு ஒட்டினது போல முட்டை திரும்ப வந்துவிட்டது. வாரம் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன், போன வாரம் இலையில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டல்தான் இருந்தது, இந்த வாரம் போனால் குருத்துக்குள்ளே மரத்தூள் மாதிரி எச்சம், விரலை விட்டு எடுத்தால் கொழுத்த புழு. மருந்துக் கடையில் கேட்டால் "வெயில் ஏறட்டும், பூச்சி தானா சாகும்" என்கிறார். பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா "வெயிலுக்குத்தான் பூச்சி பொங்கும்" என்கிறார். இரண்டு பேரும் அனுபவப்பட்டவர்கள். யார் சொல்வதைக் கேட்க?

---

தாழையூத்து 62 எழுதியது:

தம்பி, வெயிலுக்குப் பூச்சி சாகும் என்றால் நம்ம ஊரில் பூச்சியே இருக்கக்கூடாது. சித்தப்பா பக்கம் நில்லும்.

---

வல்லநாட்டு வெளிமான் எழுதியது:

அண்ணாச்சி, நான் பூச்சியியல் படிக்கிறேன், இதே புழுவை டப்பாவில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேருமே பாதி பாதி சரி. எந்தப் பாதி எங்கே முடிகிறது என்பதுதான் விஷயம்.

நமக்கு உடம்புச் சூடு வெளியே என்ன அடித்தாலும் 37 டிகிரி. புழுவுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. காற்று என்ன சூடோ கிட்டத்தட்ட அதுதான் அதன் உடம்புச் சூடு. தின்பது, செரிப்பது, தோலுரிப்பது, கூட்டுப்புழு ஆவது எல்லாம் அந்தச் சூட்டின் வேகத்தில்தான் நடக்கும். அதனால் "படைப்புழுவுக்கு இத்தனை நாள் ஆயுள்" என்று துண்டறிக்கையில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, எந்தச் சூட்டில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரே புழு, 18 டிகிரியில் வைத்து வளர்த்தால் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆக 71 நாள் போல ஆகிறது, 32 டிகிரியில் 20 நாள்தான். இது ஆய்வகத்தில் அளந்து பதிப்பித்த கணக்கு.

இதில் ஒரு அழகு இருக்கிறது. நாள்தான் மாறுகிறது, மொத்தச் சூடு மாறுவதில்லை. இந்தப் புழு சுமார் 12.5 டிகிரிக்குக் கீழே வளரவே வளராது, சும்மா கிடக்கும். அதற்கு மேலே இருக்கிற ஒவ்வொரு டிகிரியையும் ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் 390 வந்ததும் முட்டை போட்ட இடத்தில் அந்துப்பூச்சி பறக்கும். இதை டிகிரி நாள் என்பார்கள். பயிர் முற்றுவதற்கும் இதே மாதிரி மொத்தச் சூட்டைக் கூட்டிப் பார்க்கலாம் என்று ரியோமூர் என்கிற பிரெஞ்சுக்காரர் 1735லேயே எழுதிவைத்துவிட்டார்.

உங்கள் தோட்டத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கார்த்திகையில் பகல் 30, ராத்திரி 23 என்று வையுங்கள். சராசரி 26.5. அதில் 12.5 கழித்தால் நாளுக்கு 14. 390ஐ 14ஆல் வகுத்தால் 28 நாள். பங்குனியில் பகல் 37, ராத்திரி 25. சராசரி 31. கழித்தால் 18.5. வகுத்தால் 21 நாள். உங்கள் ஒரு மாதமும் மூன்று வாரமும் அப்படியே வந்துவிட்டது பாருங்கள். மாஞ்சோலை மாதிரி மேலே, சராசரி 20 டிகிரி இருக்கிற இடம் என்று வைத்துக்கொண்டால் இதே புழுவுக்கு 52 நாள். அங்கே மக்காச்சோளம் யாரும் போடப்போவதில்லை, ஒரு கணக்குக்குச் சொன்னேன்.

28 நாளும் 21 நாளும் என்றால் ஏழு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். 110 நாள் பயிரில் ஒன்று நாலு சுற்றுக்குள் முடிகிறது, இன்னொன்று ஐந்தைத் தாண்டுகிறது. ஒரு தாய்ப்பூச்சி ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தாலும் ஒரு சுற்று கூடுதல் என்றால் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் வாரம் ஒருமுறை சுற்றுவது. அந்த 390இல் முட்டைக்கு 35 போல, புழுவுக்கு 205 போல, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பதற்கு 150 போல. புழுவாக இருக்கிற 205ஐ இப்போதைய 18.5ஆல் வகுத்தால் 11 நாள். கார்த்திகையில் அதே 14, 15 நாள். மருந்து நன்றாகக் கேட்பது புழு சின்னதாக, இலையைச் சுரண்டிக்கொண்டு வெளியே இருக்கும்போதுதான். அந்த இடைவெளி குளிர்காலத்தில் ஒரு வாரம் கிடைத்தது, அதனால் வாரச் சுற்று போதும். இப்போது ஐந்தாறு நாள்தான், இரண்டு சுற்றுக்கு நடுவிலேயே அது கடந்துபோய்விடும். கடைசி நிலைப் புழுதான் மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தின்கிறது, அது குருத்துக்குள் தன் எச்சத்தாலேயே மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நீங்கள் மேலே என்ன அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. பங்குனி, சித்திரையில் வாரம் இரண்டு சுற்று போங்கள்.

---

தாழையூத்து 62 எழுதியது:

நல்லா விளக்கினீரு. ஆனால் ஒரு கேள்வி. இந்தக் கணக்குப்படி சூடு ஏற ஏறப் பூச்சி வேகமாகிக்கொண்டே போக வேண்டும். பாளையங்கோட்டையில் 40 டிகிரி தொடுகிற நாளில் 14 நாளிலேயே அந்துப்பூச்சி ஆகிவிடுமா? எங்கேயோ உதைக்கிறதே.

---

வல்லநாட்டு வெளிமான் எழுதியது:

உதைக்கத்தான் செய்யும் ஐயா, மருந்துக் கடைக்காரர் சொன்ன பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த நேர்க்கோட்டுக் கணக்கு இந்தப் புழுவுக்கு 18 முதல் 30 டிகிரி வரை ஒழுங்காக வரும். 26 முதல் 30 வரைதான் அதற்கு உகந்த சூடு, அதிகப் புழு பிழைப்பது அங்கே. 32இல் வேகம் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் சாவும் கூட ஆரம்பிக்கும். அதற்கு மேலே வளைந்து கீழே இறங்கிவிடும். மெல்ல ஏறி, உச்சிக்குப் போனதும் சட்டென்று சரிகிற கோடு. அதனால் மேலெல்லை ஒன்றை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டின வெயிலை எல்லையாகவே எண்ணுவது வழக்கம். பகல் 37ஐ 34 என்று வெட்டிப் போட்டால் மேலே சொன்ன 21 நாள் 23 ஆகும். உங்கள் 14 நாள் வரவே வராது.

நெல்லில் புகையானும் இப்படித்தான். 25 முதல் 30 வரை கொண்டாட்டம், 35ஐ ஒட்டித் தொடர்ந்து அடித்தால் முட்டை பொரிப்பதும் குஞ்சு பிழைப்பதும் விழுந்துவிடும்.

ஆனால் சாவதற்கு ரொம்ப முன்னாலேயே ஒன்று நடக்கிறது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். சூடு முதலில் உடைப்பது உயிரை அல்ல, வம்சத்தை. அதிலும் ஆணை. மாவு டின்னில் ஓடுமே சிவப்பு மாவு வண்டு, அதை இங்கிலாந்தில் 42 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள், 2018இல் வந்த ஆய்வு. வண்டு சாகவில்லை, நடக்கிறது, தின்கிறது, இணைசேரவும் செய்கிறது. ஆனால் அந்த ஆண்களுக்குப் பிறந்த குஞ்சு பாதியாகக் குறைந்துவிட்டது. கொஞ்ச நாள் விட்டு இரண்டாவது முறை சூடு காட்டினபோது ஏறக்குறைய மலடு. பெண்ணுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை, ஆனால் பெண் முன்னமே வாங்கி உள்ளே சேமித்து வைத்திருந்த விந்து கெட்டுப்போனது. 2021இல் 43 வகைப் பழ ஈக்களை எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்விலும் இதேதான், பாதிக்குக் கொஞ்சம் குறைவான வகைகளில் ஆண், சாகிற சூட்டுக்குக் கீழேயே மலடாகிவிடுகிறது.

அப்புறம் சூட்டில் வேகமாக வளர்ந்த பூச்சி பெரும்பாலும் சின்னதாக இருக்கும். வளர்ச்சி முடிகிற வேகத்துக்கு உடம்பு சதை போடுகிற வேகம் ஈடுகொடுப்பதில்லை. சின்னப் பெண்பூச்சி என்றால் முட்டையும் குறைவு. ஆகப் பங்குனியில் சுற்று சீக்கிரம் வருகிறது, சுற்றுக்கு முட்டை கொஞ்சம் குறையலாம். சுற்று வேகம்தான் ஜெயிக்கும், பகல் உச்சம் 36, 37 வரைக்கும்.

---

அம்பை முட்டை அட்டை எழுதியது:

தம்பி சொல்கிற இதைத்தான் நாங்கள் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறோம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நெல்லுக்கும் கரும்புக்கும் டிரைக்கோகிரம்மா அட்டை தயாரித்துக் கொடுக்கிறோம், மகளிர் குழுவாக. டிரைக்கோகிரம்மா என்பது பயிர்ப் பூச்சியின் முட்டைக்குள்ளே தன் முட்டையை இட்டு அதை அழிக்கிற பொடிக் குளவி. ஒட்டுண்ணிக் குளவிக்கு முட்டை வேண்டும், அதற்காகக் கார்சைரா அந்துப்பூச்சியைக் கம்புக் குருணையில், நிலக்கடலைத் தூள் கலந்து தட்டுகளில் வளர்க்கிறோம். கார்சைரா முட்டையைத் தட்டில் தூவி 40 நாள் போல ஆனால் அந்து பறக்க ஆரம்பிக்கும். மார்கழியில் அது இழுத்துக்கொண்டே போகும், அட்டை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

கோடையில் பிரச்சினை வேறு மாதிரி. புழு நெருக்கமாக இருக்கிற தட்டில் நூலாம்படை கட்டிக் குருணையெல்லாம் கட்டியாகப் பிடித்திருக்கும், அதற்குள் விரலை விட்டால் வெளிக்காற்றை விடச் சுடும். புழுக்களே தின்று மூச்சுவிட்டு உண்டாக்குகிற சூடு அது. அறையில் 33 என்றால் தட்டுக்குள் அதற்கு மேலே. அந்த மாதிரி தட்டில் அந்து பறக்கும், எண்ணிக்கை கூடப் பெரிதாகக் குறையாது, ஆனால் பூச்சி பொடிசாக இருக்கும், முட்டையைச் சலித்து அளவுக் குழாயில் கொட்டும்போதுதான் குறைவது தெரியும். தட்டை அடுக்காமல் பரத்தி வைத்து, தரையில் ஈரச்சாக்கு விரித்து, ராத்திரி ஜன்னல் திறந்துவிட்டுச் சமாளிக்கிறோம்.

இதே சூத்திரத்தைத் தலைகீழாகவும் பயன்படுத்துகிறோம். ஒட்டுண்ணி உள்ளே இறங்கின முட்டை மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும், எள்ளை ஒட்டினது மாதிரி இருக்கும். ஏழு எட்டு நாளில் குளவி வெளியே வந்துவிடும். வயலில் அந்து இன்னும் தென்படவில்லை என்றால் கறுத்த அட்டையை ஃபிரிட்ஜில் 10 டிகிரியில் வைத்து நிறுத்திவைப்போம், வளர்ச்சி அப்படியே நிற்கும். மேல் தட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு "அட்டை பொரிக்கலையே" என்று வருகிறவர்களும் உண்டு.

மானூர்த் தம்பிக்கு ஒன்று. அட்டை கட்டுவதாக இருந்தால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் குத்துங்கள். பத்து மணி வெயிலில் இலைமேல் கட்டினால் அந்தக் குளவி தாங்காது, அது கண்ணுக்கே சரியாகத் தெரியாத உடம்பு. படைப்புழு முட்டைமேல் தாய்ப்பூச்சி ரோமத்தை ஒட்டி மூடிவைக்கும், அதனால் டிரைக்கோகிரம்மா நெல் இலைச்சுருட்டுப் புழு முட்டையில் வேலை செய்கிற அளவுக்கு இதில் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் சரக்கு என்பதற்காக மறைக்கக் கூடாது.

---

டவுன் கொசுக்காரன் எழுதியது:

பயிர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும், சுகாதாரப் பணியில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறோமே, அந்த வாரமும் இந்தக் கணக்குத்தான். நம்ம ஊர்ச் சூட்டில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரத்துக்கு மேல், பத்து நாள் போல ஆகும். அதற்குள் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. அதைவிடப் பெரிது கொசுவுக்குள்ளே டெங்கு வைரஸ் முற்றுகிற காலம். 25 டிகிரியில் சுமார் இரண்டு வாரம், 30இல் ஒரு வாரத்துக்குள். கொசு அவ்வளவு நாள் உயிரோடு இருந்தால்தானே அடுத்த ஆளைக் கடித்துக் கொடுக்கும், அதனால் ஐந்து டிகிரியில் தலைகீழாக மாறிவிடுகிறது. பரவல் உச்சம் 29 டிகிரியை ஒட்டி என்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் டெங்கு குறைந்து, மழை பெய்து ஐப்பசி, கார்த்திகையில் ஏறுவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை, அந்த மாதத்துச் சூடும் கொசுவுக்குத் தோதானது.

---

தாழையூத்து 62 எழுதியது:

எல்லாம் சரி. வெளிமான் தம்பி, நீர் 37க்கு மேல் போனால் பூச்சிக்குக் கஷ்டம் என்கிறீர். எங்கள் கத்தரியில் சித்திரை உச்சி வெயிலில் வெள்ளை ஈ தட்டினால் புகை மாதிரி கிளம்புகிறது. அதற்கு என்ன சொல்லுவீர்?

---

வல்லநாட்டு வெளிமான் எழுதியது:

ஐயா விட மாட்டீர்கள் போலிருக்கிறது. மூன்று விஷயம்.

ஒன்று, ஒவ்வொரு பூச்சிக்கும் எல்லை வேறு. வெள்ளை ஈ வெப்ப நாட்டுப் பூச்சி, படைப்புழுவை விட நன்றாகவே தாங்கும்.

இரண்டு, டிவியில் சொல்கிற 40 டிகிரி நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளக்கிற காற்றின் சூடு. பூச்சி இருக்கிற இடத்தின் சூடு அது இல்லை. தண்ணீர் பாய்ச்சின கத்தரி இலை நீராவி விட்டுக்கொண்டே இருக்கிறது, இலையின் அடிப்பக்கம் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். படைப்புழுவும் அப்படித்தான், மக்காச்சோளக் குருத்துக்குள் ஈரமும் நிழலும். கிணற்றுப் பாசனம் இருக்கிற தோட்டம் என்றால் பூச்சிக்கு ஏசி போட்டுக் கொடுத்த மாதிரி. பக்கத்தில் வாடிக் கிடக்கிற மானாவாரிப் பயிரில் அதே 40 வேறு.

மூன்று, இயற்கை எதிரிகள். அம்பை அக்கா சொன்ன அந்தச் சின்னக் குளவி மாதிரி ஆட்கள் சூட்டுக்கு முதலில் விழுவார்கள். பூச்சிக்கும் கஷ்டம், பூச்சியைத் தின்கிறவனுக்கு இன்னும் கஷ்டம் என்றால் பூச்சி கூடத்தான் செய்யும். இதில் நாம் வேறு நடுவே மருந்தை அடித்து மிச்சக் குளவியையும் கொன்றுவிடுகிறோம்.

வெயிலை நிஜமாகவே மருந்தாகப் பயன்படுத்த வேண்டும் என்றால் கோடை உழவு. படைப்புழு மண்ணுக்குள் இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கூட்டுப்புழு ஆகிறது. சித்திரையில் வெறும் கரிசலின் மேல்மண் மத்தியானம் 50 டிகிரியைத் தாண்டும், ஆனால் கொஞ்சம் உள்ளே போனால் கதகதப்புதான். உழுது புரட்டி மேலே கொண்டுவந்து போட்டால் வெயிலும் பார்க்கும், மைனாவும் கொக்கும் பார்க்கும். கடைக்காரர் சொன்ன "வெயிலுக்குச் சாகும்" அந்த இடத்தில் நூற்றுக்கு நூறு சரி.

---

மானூர் கிணத்துத் தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அட்டை விஷயத்தை ஒளிக்காமல் சொன்னதற்குத் தனியாக. அறுவடை முடிந்ததும் உழுதுவிடுகிறேன். வெளிமான் தம்பி, இந்த 390 கணக்கை எந்த நாளிலிருந்து ஆரம்பிக்க? அப்புறம் சூட்டை நானே அளக்கலாமா, போனில் காட்டுவதை எடுக்கலாமா? ஃபோனில் திருநெல்வேலி என்று போட்டால் எந்த இடத்து வெயிலைக் காட்டுகிறதோ.

---

வல்லநாட்டு வெளிமான் எழுதியது:

ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள் அண்ணாச்சி, அதில் ஆண் அந்து விழ ஆரம்பிக்கிற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண் பறக்க ஆரம்பித்து மூன்று நாலு நாளில் முட்டை போடும், அந்த நாளிலிருந்து இலையைப் புரட்டிப் பாருங்கள், முதல் குவியல் கண்ட அன்று கணக்கைத் தொடங்குங்கள். 35 கூடியதும் பொரிப்பு. இப்போதைய வெயிலுக்கு அது இரண்டு நாள். அதற்கப்புறம் ஒரு 80, 90 கூடுவதற்குள் வேப்பங்கொட்டைச் சாறோ வேறெதுவோ அடிப்பதாக இருந்தால் அடித்து முடித்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் புழு குருத்துக்குள் இறங்கிவிடும். எல்லாத் தாய்ப்பூச்சியும் ஒரே நாளில் முட்டை போடுவதில்லை, அதனால் கணக்கை வேதவாக்காக எடுக்காமல், வயலுக்கு எப்போது போவது என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஃபோனில் வருவது பரவாயில்லை, ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். நீங்களே அளப்பதுதான் நல்லது. பகல் உச்சம், ராத்திரி தாழ்வு இரண்டையும் தானாகப் பதிந்துவைக்கிற வெப்பமானி கிடைக்கும், விலை அதிகமில்லை. பயிர் உயரத்தில், நிழலில், காற்றுப் போகிற மாதிரி மாட்டுங்கள். மோட்டார் அறைத் தகரக் கூரைக்கு அடியில் மாட்டிவிடாதீர்கள், அது 45 காட்டும், உங்கள் கணக்கில் படைப்புழு எல்லாம் மாசியிலேயே செத்துப்போயிருக்கும்.